எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்ட கதை

பதுளை நகரத்துக்கு மேலே, ஏற்றத்தில் ஏறி மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் எங்கள் இல்லம் இருக்கிறது. போக்கிடம் இல்லாத பெண்பிள்ளைகள் பதினொரு பேர், அவர்களுக்குப் பொறுப்பாளர் நான். வாசலில் மூன்று மொழிகளில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. நிதி கொடுத்தவர்களின் சின்னங்கள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பலகைக்கு வருடா வருடம் புது வர்ணம் பூச ஆள் வரும். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட மட்டும் இரண்டு வருடமாக ஆள் கிடைக்கவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு படிவம் வரும். பிள்ளை சொந்தக் காலில் நிற்கத் தயாரா என்று அளந்து பார்க்கிற படிவம். யாரோ ஒரு மகராசன் ஆங்கிலத்தில் யோசித்திருக்கிறான், இன்னொரு மகராசன் அதைத் தமிழாக்கியிருக்கிறான். ‘முட்டை அவிக்க வல்லவரா?’ ‘தனியாகப் பேருந்தில் பயணிக்க வல்லவரா?’ பக்கத்தில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள். நடுவில் நின்று யோசிப்பவர்களுக்குக் கட்டம் கிடையாது.

எங்கள் வீட்டில் மூத்தவளுக்கு அப்போது பதினெட்டு வயது. கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து லயத்து வீட்டு வரிசையோடு அம்மாவும் அப்பாவும் போனபிறகு சித்திதான் எடுத்து வளர்த்தாள். வளர்த்தாள் என்றால், பதினொரு வயதுவரை வளர்த்துவிட்டுக் கொழும்பில் ஒரு வீட்டில் சமையலுக்கு விட்டுவிட்டாள். நான்கு வருடம் கழித்து அந்த வீட்டிலிருந்து ஓடி, லீக்ஸ் மரக்கறி இறக்கிவிட்டு வெலிமடைக்குத் திரும்பிய லொறியில் ஏறி எங்களிடம் வந்து சேர்ந்தவள் இவள். இவளைப் பார்த்துத்தான் முட்டை அவிக்கத் தெரியுமா என்று கேட்கிறார்கள்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பை எங்களிடம் வந்தபின் மறுபடி பிடித்திருந்தாள். கணக்கென்றால் அழுவாள், அழுதுகொண்டே செய்து முடிப்பாள். பதினோராம் வகுப்புச் சாதாரணதரப் பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. பாஸானால் தாதி உதவியாளர் பயிற்சிக்குப் போகலாம். அந்தப் பயிற்சியில் காலில் போடும் வெள்ளைச் சப்பாத்தைக் கடைக்கண்ணாடி வழியாக எனக்கு மூன்று தடவை காட்டியிருக்கிறாள்.

அந்த நேரத்தில்தான் நான் என் அறிவைக் காட்டினேன். படிவம் வந்தது. எல்லாக் கட்டத்திலும் ‘ஆம்’ போட்டேன். ஏன் என்று கேட்டால், அது இரத்தத்தில் ஊறியது. நான் பிறந்ததும் லயத்தில்தான். பெரட்டுக் களத்தில் காலையில் ஆள் எண்ணும்போது துரை வந்து ஏதும் குறை உண்டா என்று கேட்டால், இரவெல்லாம் ஒழுகிய கூரைக்குக் கீழே சட்டி வைத்துவிட்டு வந்த என் அப்பா, “ஒரு கொறையும் இல்லீங்க தொர” என்பார். கேட்பவர் மேலிடம் என்றால் எங்களுக்கு வாயில் ‘இல்லை’ வராது. போதாக்குறைக்கு எனக்கு இவளைப் பற்றிப் பெருமை வேறு. என் பிள்ளைக்கு ஒரு ‘இல்லை’ விழுவதா?

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. வாழ்த்துகளாம்! பயனாளி முழுமையான சுயசார்பு அடைந்துவிட்டாராம். ஆகையால் இம்மாத இறுதியோடு இல்லத்திலிருந்து விடுவிக்கப்படுகிறாராம். முழு மார்க் வாங்கிய ஒரே குற்றத்துக்காகப் பிள்ளையை வெளியே தள்ளுகிறார்கள். மார்க் போட்டவள் நான்.

சித்திக்கு எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ, மறுநாளே போன் வந்தது. “கொழும்புல இன்னொரு நல்ல எடம் பாத்திருக்கேங்க மிஸ். ஏசி எல்லாம் இருக்காம்” என்றாள். ஏசி யாருக்கு என்று கேட்டேன். வைத்துவிட்டாள்.

மேலிடத்தை நச்சரித்து நச்சரித்து ஒரு மறுமதிப்பீட்டுக்குச் சம்மதம் வாங்கினேன். கொழும்பிலிருந்து ஓர் அலுவலர் அம்மா நேரில் வந்து, இவள் சமைப்பதைப் பார்த்து, படிவத்தைச் சரிபார்ப்பாராம். நான் பிள்ளையைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

“இந்தா பாரு, அன்னிக்கு சோறு அடிப்பிடிக்கணும். பருப்புல உப்பை அள்ளிக் கொட்டு. ஒனக்கு ஒன்னும் தெரியாதுன்னு அந்தம்மா எழுதிட்டுப் போவணும்.”

“தெரிஞ்சதைத் தெரியாதும்பாங்களா மிஸ்?”

“பரீட்ச எழுதணுமா, ஏசி வீட்டுக்குப் போவணுமா?”

“கருக்கிர்றேன் மிஸ்” என்றாள்.

அலுவலர் அம்மா யாழ்ப்பாணத்தவர். இஸ்திரி கலையாத சேலை, ஈரக் குடை, மார்போடு அணைத்த கோப்பு. குசினியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இந்த அம்மாவுக்கு எங்கள் பிள்ளைகளைப் பற்றி என்ன தெரியப்போகிறது என்று நான் மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். இவள் அரிசி களைந்து அடுப்பில் வைத்தாள். நான் கண்ணைக் காட்டினேன். இவள் என்னைப் பார்க்கவே இல்லை. சோறு பொங்கியதும் தீயைத் தணித்தாள். லீக்ஸை மயிரிழை போல அரிந்தாள். பருப்பைத் தாளித்தாள், உருளைக்கிழங்கைப் பிரட்டினாள், தேங்காய்ச் சம்பலை இடித்து எடுத்தாள். ஒரு மணி நேரத்தில் கல்யாண வீட்டு வாசனை! சண்டாளி, ஒரு பருக்கைகூடக் கருகவில்லை.

“இவ எல்லாம் வடிவாச் செய்யிறா. பிறகேன் இஞ்ச இருக்கோணும்?” என்றார் அலுவலர் அம்மா.

நான் இவளைப் பின்வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். “அடியேய், ஒனக்கு என்னா சொன்னேன்? வெளையாடுறியா?”

“கை வர மாட்டேங்குது மிஸ்” என்றாள். “மேடம் பின்னால உக்காந்து பாக்குறாங்க. கொழும்பு வீட்டுக்கார நோனாவும் இப்புடித்தான் உக்காந்து பாப்பாங்க. சோறு கருகுனா கரண்டியக் காய வச்சு…” சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அந்தக் கையில் இருந்த சூட்டுத் தழும்பை நான் மூன்று வருடமாகப் பார்த்திருக்கிறேன். ஏதோ சமையல் செய்யும்போது பட்டது என்று நினைத்திருந்தேன். அவ்வளவு கெட்டிக்காரி நான். பயிற்சிப் பட்டறைகளில் வாங்கிய சான்றிதழ்கள் ஒரு அலுமாரி நிறைய இருக்கின்றன. எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

சாப்பாட்டுக்கு இரண்டு தட்டுகளை மேசையில் வைத்தாள். மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் போயிருந்தார்கள். “பிள்ளை, நீங்களும் வந்து இருங்கோவன்” என்றார் அலுவலர் அம்மா.

“நீங்க சாப்புடுங்க மேடம், நான் பொறவு சாப்புடுறேன்.”

பரிமாறிவிட்டுப் போய், குசினி வாசலில் தரையில் உட்கார்ந்தாள். யார் தட்டில் என்ன குறைகிறது என்று அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தட்டில் பருப்புத் தீர்வதற்குள் கிண்ணத்தோடு எழுந்து வந்தாள்.

“எப்பவும் அவ அங்கதான் இருந்து சாப்பிடுறவவோ?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார் அந்த அம்மா.

“ஆமாங்க. எல்லாரும் சாப்பிட்டப்புறம் அங்கதான் உக்காருவா. அவளுக்கு அதுதான் புடிக்கும்” என்றேன். சொல்லி முடித்தபின்தான் அது என் காதிலேயே விழுந்தது. மூன்று வருடம் அதை நான் பணிவு என்று நினைத்திருக்கிறேன். மற்றப் பிள்ளைகளிடம் இவளைக் காட்டி, பார்த்துப் பழகுங்கள் என்று உபதேசமும் செய்திருக்கிறேன்.

அலுவலர் அம்மா இடக்கையால் கோப்பைத் திறந்து ஒரு வரியை எனக்குக் காட்டினார். ‘உணவு வேளையில் மற்றவர்களோடு சமமாக அமர்ந்து உண்கிறார்.’ பக்கத்தில் என் கையால் போட்ட ‘ஆம்’.

“இது பிழை, மிஸ்” என்றார். கை கழுவி வந்து அதைக் கோடு கிழித்து வெட்டி, ‘இல்லை’யில் அடையாளமிட்டு, கீழே நான்கு வரி எழுதினார். பரீட்சை முடிந்து பயிற்சியில் சேரும்வரை இவள் இங்கேயே இருக்கலாம். போகும்போது குடையை விரித்தபடி, “அந்தக் குளியலறைக்கு ஒரு தாழ்ப்பாள் போடுங்கோ” என்றார். அதையும் பார்த்துவிட்டார்.

நான் உள்ளே ஓடினேன். இவள் இன்னும் குசினி வாசலில் பாதிச் சோற்றோடு உட்கார்ந்திருந்தாள். அந்த ‘இல்லை’ எதற்கு விழுந்தது, அதனால் இங்கேயே இருக்கலாம் என்று பாதிப் பேச்சும் பாதி அழுகையுமாகச் சொல்லி முடித்தேன். இவள் சிரிக்கவில்லை. தட்டில் சோற்றை ஒதுக்கிக்கொண்டே யோசித்தாள்.

“அப்ப நான் மேசையில உக்காந்து சாப்புட்டா, அனுப்பிருவீங்களா மிஸ்?”

மேசையிலிருந்து, சோறு மீதமிருந்த என் தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

“நகந்து உக்காருடி” என்றேன்.