ஒசேலியா ஊற்றிய மூன்று கோப்பை காபி

இறால் உரிக்கும் கொட்டகைக்கு அன்று விடுமுறை. மத்தியான வெயிலில் லவினியா கிப்ஸ் கரைமேட்டின் மேலேயே நடந்து வந்து வேலிக்கு வெளியே நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை. அதற்கு மூன்று நாளாகப் பால் இறங்கவில்லை. வாயெல்லாம் வெள்ளை பூத்த புண். கறுப்பினப் பெண் ஒருத்தி செவ்விந்தியர்களான ஹூமாக்களின் வீட்டு வேலி வரைக்கும் வந்து நிற்கிறாள் என்றால் அது சாதாரண விஷயமில்லை. முற்றத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த க்ளோதில் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். வீட்டுக்காரி ஒசேலியா அவளுடைய அண்ணி. அண்ணன் கடலோடு போன பிறகு இருவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தார்கள்.

"என்ன வேணும்?" என்றாள் ஒசேலியா, எழுந்திருக்காமலே.

"புள்ளைக்கு வாய்ப்புண். நீ ஜெபம் பண்ணி ஊதினா ஆறும்னாங்க."

"யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. ஊதுவியா, மாட்டியா? அதைச் சொல்லு."

ஒசேலியாவுக்கு அந்த வரம் அவள் மாமனார் கொடுத்தது. வாய் திறந்து கேட்டவர்களுக்குத்தான் செய்ய வேண்டும். தானாகப் போய்ச் செய்யக்கூடாது. கேட்டுவிட்டால் யாராக இருந்தாலும் இல்லை என்று சொல்லக்கூடாது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வேலிக் கதவைத் திறந்தாள். குழந்தையை க்ளோதில் மடியில் கிடத்தச் சொன்னாள். உதட்டில் மூன்று முறை சிலுவை வரைந்து, யாருக்கும் கேட்காமல் முணுமுணுத்து, வாய்க்குள் மெல்ல ஊதினாள். மறுநாளும் ஊதினாள். மூன்றாம் நாள் ஊதி முடித்த கையோடு குழந்தை தாயின் மார்பைத் தேடியது.

லவினியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

"வாயை மூடு!" என்று பாய்ந்தாள் ஒசேலியா. "நன்றின்னு ஒரு வார்த்தை வந்துச்சோ, போன புண்ணு திரும்ப வந்துடும். காசு கீசு எடுக்காதே. கிளம்பு, கிளம்பு."

லவினியா வாயை மூடிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை கொட்டகையில் இருவரும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போலத்தான் இருந்தார்கள். இந்தக் கதையை ஒசேலியா யாரிடமும் சொல்லவில்லை. க்ளோதிலும் சொல்லவில்லை.

கொட்டகையில் நீள மேசை இரண்டு. தண்ணீர்ப் பக்கத்து மேசையில் பாயூ கோர்போ ஊரின் ஹூமா பெண்கள் நின்று இறால் உரிப்பார்கள். சாலைப் பக்கத்து மேசையில் எவரார்ட் கரும்புத் தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து வரும் கறுப்பினப் பெண்கள். உரிக்கிற இறாலும் ஒன்றுதான், வாளிக்குக் கிடைக்கிற கூலியும் ஒன்றுதான், இறால் நீர் பட்டு வெந்துபோகிற விரலும் ஒன்றுதான். ஆனாலும் யார் யாரைவிட ஏழை என்ற வழக்கு அந்த இரண்டு மேசைக்கும் நடுவில் என்றைக்கும் ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. அந்த வழக்கில் தண்ணீர்ப் பக்கத்துக்கு வக்கீல் ஒசேலியா. சாலைப் பக்கத்துக்கு லவினியா.

"நாங்க எவன் வீட்டுலயும் குடியிருக்கல. கரும்பு வெட்டு முடிஞ்சதும் காலி பண்ணுன்னு எங்களை எவனும் சொல்ல முடியாது" என்பாள் ஒசேலியா.

"சொந்த வீடாம்! கோழிக்கூண்டை நாலு கால் வச்சுத் தூக்கி நிறுத்தினா அதுக்குப் பேரு வீடா?" என்பாள் லவினியா. "எங்க பசங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும்மா. யாராச்சும் செத்தா சபைச் சங்கம் பெட்டி வாங்கித் தருது. உங்ககிட்ட என்ன இருக்கு?"

"செத்தாத்தான் உங்களுக்குப் பெட்டி. உயிரோட இருக்கறப்போ தலைக்கு மேல கூரை இல்ல."

"பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்லு, ஒசேலியா! எங்க பள்ளிக்கூடத்துல இடம் இருந்துச்சு. நீங்கதான் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பிப் போனீங்க."

அது உண்மை. வெள்ளைக்காரர் பள்ளி ஹூமாப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. கறுப்பினத்தார் பள்ளிக்கு ஹூமாக்கள் போகச் சம்மதிக்கவில்லை. பாதிரியார்கள் நடத்திய ஒற்றையறைப் பள்ளியில் கொஞ்சம் எழுத்து, நிறைய ஜெபம். அதற்கு மேல் கிடையாது. போயிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று க்ளோதில் பல முறை ஜெபமாலையை உருட்டிக்கொண்டே நினைத்ததுண்டு. அண்ணியிடம் வாய்விட்டுக் கேட்கத் துணிவில்லை.

"எங்களுக்கு நிலம் இருக்கு" என்று ஒசேலியா விடாமல் சொன்னாள்.

"எந்த நிலம்? எழுதத் தெரியாம காகிதத்துல கோடு கிழிச்சுக் குடுத்துட்டு, எண்ணெய்க் கிணறு தோண்டறவன் எடுத்துக்கிட்டானே, அந்த நிலமா?"

சாலைப் பக்கத்து மேசை முழுக்கச் சிரித்தது. அந்தக் கோட்டைக் கிழித்தவர் ஒசேலியாவின் மாமனார், க்ளோதிலின் தகப்பனார்தான். அன்று சாயங்காலம் வரை ஒசேலியா இறால் தலையைக் கிள்ளிய வேகத்தைப் பார்த்து அவள் பக்கத்தில் நிற்கவே எல்லோரும் பயந்தார்கள்.

அந்த வருஷம் செப்டம்பரில் புயல் அடித்தது. கடல் மூன்று நாள் வீட்டுக்குள் இருந்துவிட்டுப் போனது. மழைத் தண்ணீர் பிடித்துவைக்கிற மரத்தொட்டிகள் எல்லாவற்றிலும் உப்பு. தோட்டத்துக் கிணறும் கெட்டுப்போனது. இரண்டு ஊருக்கும் குடிதண்ணீர் இல்லாமல் போயிற்று. இருபது மைல் படகில் போய் டவுனில் ஜாடியில் பிடித்து வந்தால்தான் நாக்கு நனையும். அப்போதுதான் அரசாங்கம் ஒரு குழாய் போடப்போகிறது என்ற செய்தி வந்தது. பணம் ஒரு குழாய்க்குத்தான். பாயூ கோர்போவா, எவரார்டா? எந்த ஊர் அதிகக் கஷ்டத்தில் இருக்கிறதோ அந்த ஊருக்கு. கணக்கெடுக்க பிரெண்டிஸ் என்கிற வெள்ளைக்கார அதிகாரி வருகிறார்.

முதல் நாள் அவர் எவரார்டுக்குப் போனார். லவினியா அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஒழுகுகிற கூரையையும், தரையில் படுத்திருந்த நோயாளிகளையும், கிணற்றில் மிதந்த செத்த எலியையும் காட்டினாளாம். உட்கார ஒரு நாற்காலிகூடப் போடவில்லையாம். கொட்டகையில் அதைக் கேட்ட ஒசேலியா காறித் துப்பினாள்.

"வெக்கம் கெட்டவ! வந்தவன் கண்ணு முன்னால அழுக்குத் துணியை விரிச்சுக் காட்டியிருக்கா."

மறுநாள் பிரெண்டிஸ் பாயூ கோர்போவுக்கு வருவதாக இருந்தது. பேச எல்லோரும் ஒசேலியாவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவள் விடியற்காலையிலேயே வீட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். ஆறு வீட்டு நாற்காலிகள் அவள் வீட்டுக்கு வந்தன. மாதா கோவிலிலிருந்து மேசைவிரிப்பு வந்தது. ஓட்டில் அடைத்த நண்டு, ஆமைக் குழம்பு, வறுத்த சிப்பி, செம்மீன் சாறு, அத்திப்பழக் கேக். எல்லாம் தண்ணீரும் மரமும் சும்மா கொடுத்தவை. கையோடு படகுகளைக் கழுவி வரிசையாகக் கட்டச் சொன்னாள்.

"அண்ணி, நம்ம கஷ்டத்தைப் பாக்கத்தானே அவரு வர்றாரு?" என்றாள் க்ளோதில்.

"கஷ்டத்தைச் சொல்றதுக்கு வாய் இருக்கு. அதுக்காக வீட்டுக்கு வர்றவனைப் பட்டினி போடணுமா? மொதல்ல சாப்பிடட்டும். அப்புறம் சொல்றேன்."

"காபிக்குத் தண்ணி?"

ஒசேலியா அவளையே பார்த்தாள். க்ளோதில் தன் வீட்டிலிருந்த கடைசி ஜாடி நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தாள். மற்றவர்களும் ஆளுக்கொரு ஜாடி கொடுத்தார்கள். அன்று பாயூ கோர்போவில் இருந்த நல்ல தண்ணீர் முழுவதும் ஒசேலியாவின் காபிப் பானைக்குள் போனது.

பிரெண்டிஸ் நன்றாகச் சாப்பிட்டார். இரண்டு முறை குழம்பு வாங்கிக்கொண்டார். காபி அருமை என்று மூன்று கோப்பை குடித்தார். ஒசேலியா கஷ்டத்தைச் சொன்னாள். ஆனால் ஏதோ பக்கத்து ஊரில் நடந்ததைப் பற்றிப் பேசுகிறவள் போலத் தலை நிமிர்ந்து சொன்னாள். அவர் ஜன்னல் வழியாகப் படகுகளை எண்ணிக்கொண்டே தலையாட்டினார்.

இரண்டு வாரத்தில் கொட்டகைச் சுவரில் காகிதம் ஒட்டினார்கள். குழாய் எவரார்டுக்கு.

"விருந்து பிரமாதமாமே, ஒசேலியா!" என்று எதிர்மேசையிலிருந்து லவினியா கத்தினாள். "இத்தனை வருஷமா எங்களை ஏழை, ஏழைன்னு சொல்லிக்கிட்டிருந்தே. கடைசியில வெள்ளைக்காரனையே ஒத்துக்க வச்சுட்டியேம்மா!"

இந்த முறை தண்ணீர்ப் பக்கத்து மேசையிலும் யாரும் ஒசேலியாவுக்காகப் பேசவில்லை. ஜாடி கொடுத்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "எங்க புள்ளைங்க வாய்த் தண்ணியை அவனுக்கு ஊத்திக் குடுத்தே" என்று ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள்.

க்ளோதில்தான் அண்ணியை வற்புறுத்தி டவுனுக்கு அழைத்துப்போனாள். பிரெண்டிஸ் கெட்டவர் இல்லை. தாளை எடுத்து வாசித்தே காட்டினார்: படகுகள் ஒன்பது, வீடுகள் சொந்தம், உணவு தாராளம், குடிநீர் நல்லது, தானே மூன்று முறை குடித்துப் பார்த்தது.

"இது தப்புன்னா சொல்லுங்க. மேசை, சாப்பாடு, தண்ணி எல்லாம் எனக்காக இரவல் வாங்கினதா இருந்தா, அதை ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் மறுபடியும் எழுதிடறேன். இன்னும் குழி தோண்ட ஆரம்பிக்கல."

க்ளோதில் அண்ணியின் கையைக் கிள்ளினாள். சொல்லு, சொல்லிவிடு. சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"விருந்தாளிக்குப் போட்டதை இல்லைன்னு சொல்ற வாய் எனக்கு இல்ல" என்றாள் கடைசியில். எழுந்து வெளியே போய்விட்டாள்.

தானாவது சொல்லியிருக்கலாமே என்று க்ளோதில் பின்னால் ஆண்டவரிடம் எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டாள். மூத்தவள் மூடிவிட்டுப் போன பேச்சை இளையவள் திறக்க அன்று அவளுக்கு நாக்கு எழவில்லை. ஆனால் திரும்பி வரும்போது படகில் அவள் அடக்கமாக இருக்கவில்லை.

"உன் மானத்துக்கு ஒரு ஊரே உப்புத் தண்ணி குடிக்கணுமா? அண்ணன் இருந்திருந்தா உன்னை இந்தத் தண்ணியிலயே தள்ளியிருப்பாரு!"

"உங்க அண்ணனும்தான் அவனுக்குக் காபி குடுத்திருப்பாரு. மோட்டாரைப் பாத்து ஓட்டு."

அதற்குப் பிறகு எட்டு மாதம் நாத்தனாரும் அண்ணியும் பேசவில்லை.

குழாய் வந்தது. எவரார்டின் கடைசி வீடு லவினியாவுடையது. கடைசிக் குழாய்த்திருகும் அவள் முற்றத்தில்தான் இருந்தது. பாயூ கோர்போப் பெண்கள் முதலில் ஒருத்தி இருவராக, பிறகு கூட்டமாக, ஜாடிகளோடு படகில் போய் நின்றார்கள். லவினியா தடுக்கவில்லை, ஆனால் சும்மாவும் விடவில்லை.

"வரிசையா நில்லுங்க, மகாராணிங்களா! இது ஏழைத் தண்ணி. உங்க காபிக்குச் சரிப்படுமோ என்னவோ!"

அவள் வாசற்படியில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது அந்தக் குழந்தை, இப்போது நடக்கிற பிள்ளை, வாய் நிறையத் தண்ணீர் வைத்துக் கொப்பளித்து விளையாடிக்கொண்டிருந்தது. க்ளோதில் அதன் வாயையே பார்த்தாள். அண்ணி ஊதியதைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருந்தால் லவினியாவின் வாய் அடங்கியிருக்கும். சொல்லவில்லை. ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஒசேலியா மட்டும் போகவேயில்லை. வெயிற்காலம் வந்ததும் தொட்டியின் அடியில் கிடந்த கரிப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தாள். வயிறு கெட்டது. உடம்பு பாதியாயிற்று. க்ளோதில் ஒரு ஜாடியைக் கொண்டுபோய் அவள் வாசலில் வைத்தாள். மறுநாள் அது அப்படியே, மூடி திறக்காமல், க்ளோதில் வீட்டு வாசலில் இருந்தது. கோபத்தில் க்ளோதிலும் பிறகு வைக்கவில்லை.

ஜூலையில் ஒசேலியாவின் மகன் ஆன்ட்வான் மரேரோ நகரத்திலிருந்து லாரி கொண்டுவந்தான். அவன் வீட்டில் சமையலறைக்குள்ளேயே தண்ணீர் வரும். ஒசேலியா ஒரு கட்டில், மாதா படம், காபிப் பானை இவ்வளவையும்தான் ஏற்றினாள். வழியனுப்ப யாரும் வரவில்லை. க்ளோதில் மட்டும் வேலியோரம் போய் நின்றாள். கையில் ஜாடி இருந்தது. எவரார்டுக்குப் போகக் கிளம்பியவள் அவள்; மறைக்க நேரமில்லை.

ஒசேலியா லாரியின் ஜன்னல் வழியாக ஜாடியைப் பார்த்தாள். பிறகு நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் பேசியது இதுதான். அதன் பிறகு அவள் உயிரோடு பாயூ கோர்போவுக்குத் திரும்பவில்லை.

"போ, போய்ப் பிடிச்சுக்கோ. எதுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு போறே? ஆனா அவகிட்ட நன்றின்னு மட்டும் சொல்லித் தொலைச்சுடாதே. அவ புள்ளைக்கு ஊதினப்போ நான் கேட்டேனா?"