அண்ணன் என்று எழுதிய இரவு

என் அடையாள அட்டையில் சேஃப்டி ஆபீசர் என்று போட்டிருக்கும். பிள்ளைகளுக்கு நான் செக்யூரிட்டி அக்கா. ஒரகடம் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில், பெண்கள் விடுதி வாசலில், இரவு எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை என் வேலை. அதற்கு முன்பு ஆறு வருடம் ஒரு கம்பெனியில் ஒயர் கட்டும் லைனில் நின்றேன். கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. எங்கள் சபையில் ஒருவர் சொல்லித்தான் இங்கே வந்தேன்.

லைனில் நின்று பழகிய கால், நாற்காலி கொடுத்தாலும் உட்காரவில்லை. மணிக்கு ஒரு முறை சுற்றி வந்தால் போதும் என்பது விதி. ஒவ்வொரு கட்டடச் சுவரிலும் ஒரு சின்ன வட்டத் தகடு இருக்கும். கையிலிருக்கும் கருவியை அதில் தொட்டால் வந்து போனதாகப் பதிவாகும். நான் மணிக்கு இரண்டு முறை, சில இரவுகளில் மூன்று முறை போய்விட்டு வருவேன். நூலகம், சாப்பாட்டுக் கூடம், சேப்பல், தண்ணீர்த் தொட்டி. சேப்பல் கதவு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு இருபதடி நடந்ததும் சந்தேகம் வரும். திரும்பி வந்து மறுபடி இழுப்பேன். பகலிலும் அப்படித்தான். சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பத்து மணிக்கே கொதிக்க ஆரம்பித்துவிடும். வீட்டுக்காரருக்கு வேறொரு கம்பெனியில் மாறி மாறி ஷிஃப்ட். மகள் ஆறாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடம் போன பிறகு படுத்து, அவள் வருவதற்குள் நாலு தடவை எழுந்துவிடுவேன்.

அது ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒன்று. விடுதி வார்டன் ஊரில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தார். ஒன்றரை மணி சுற்றுக்கு நான் கிளம்பும்போது, இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு பெண் மாடிப்படியிலிருந்து ஓடிவந்து கிரில் கேட்டைப் பிடித்துக்கொண்டாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை. தினமும் போகும்போதும் வரும்போதும் "சாப்ட்டீங்களாக்கா" என்று கேட்பவள். காலில் செருப்பில்லை.

"அக்கா, தொறங்கக்கா. எங்க அண்ணனுக்கு மெஷின்ல கை மாட்டிட்டாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கதா சொல்லுதாங்க."

"யாரு சொன்னது?"

"கூட வேல பாக்குறவங்க. போன் பண்ணாங்க. இங்கதான் ஒரகடத்துல பிரஸ் ஷாப்புல இருக்கான். நைட் ஷிஃப்ட்."

பிரஸ் ஷாப் என்றால் இரும்புத் தகட்டை மெஷினில் அழுத்தி வெட்டும் இடம். அந்த மாதிரி இடங்களிலிருந்து கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வார்டனைக் கூப்பிட்டேன். நான்கு தடவை மணி அடித்து நின்றது, எடுக்கவில்லை.

"உங்க அப்பா நம்பர் சொல்லு."

சொன்னாள். போட்டேன். சுவிட்ச் ஆஃப் என்று வந்தது.

மெயின் கேட்டில் எங்கள் சூப்பர்வைசர் இருந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வேலூர்க்காரர். ஒரு வரி கூட்டிச் சொல்ல மாட்டார், குறைத்தும் சொல்ல மாட்டார். அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"வார்டனோ அப்பாவோ சொல்லாம வெளிய வுடக் கூடாதுமா. உனுக்கே தெரியும்," என்றார்.

"நானே வண்டியில இட்டுக்கினு போயி இட்டாந்துடறேன் சார். தனியா அனுப்பல."

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

"போறதா இருந்தா நீ உன் கையால எழுதிட்டுப் போ. நான் மறைக்க மாட்டேன். கேட்டா கேட்டதுக்குப் பதில் சொல்லுவேன்."

வெளியே செல்லும் பதிவேட்டில் நேரம், அவள் அறை எண், என் பெயர், வார்டன் போனை எடுக்காதது எல்லாம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில், 'அண்ணனுக்கு விபத்து'. என் செருப்பை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அலமாரியில் இருந்த டியூட்டி ஷூவை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

சாலை காலியாக இல்லை. அந்தச் சாலை எப்போதும் காலியாக இருப்பதில்லை. ஓரத்தில் வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள், நடுவில் ஷிஃப்ட் பஸ்கள். ஒரு லாரி எங்களை உரசுகிற மாதிரி தாண்டியபோது வண்டி ஆடியது. பின்னால் அவள் என் இடுப்பை இறுக்கிப் பிடித்தாள். யூனிஃபார்மில் ஒரு பெண்ணும் நைட்டிக்கு மேல் துப்பட்டா போட்ட ஒரு பெண்ணும் போவதை டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று தள்ளினேன்.

தண்டலம் தாண்டி நெடுஞ்சாலையோரத்தில் ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவு வாசலில் கம்பெனிச் சட்டையோடு ஒரு பையன் நின்றிருந்தான். இவளைப் பார்த்ததும் உள்ளே கையைக் காட்டினான். அவள் ஓடினாள். நான் வண்டியை நிறுத்திவிட்டு வந்து அவனிடம் கேட்டேன்.

"எப்படி கீறாரு?"

"ரெண்டு விரல் போயிட்டுக்கா. மூணாவதத் தைக்க முடியுமான்னு பாக்காங்க."

"தங்கச்சிக்கு நீதான் போன் பண்ணியா?"

"தங்கச்சியா?" என்றான். பிறகு வாயை மூடிக்கொண்டு தன் ஷூவைப் பார்த்தான்.

கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தேன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும் பையன், வலது கை முழுக்க பஞ்சும் கட்டும். அவள் அவன் தலைமாட்டில் நின்று நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். அவன் எதையோ கேட்டான், அவள் இல்லை என்று தலையாட்டினாள். ஒரு நிமிஷம் பார்த்ததிலேயே அண்ணன் இல்லை என்று தெரிந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே கேன்டீனில் இரண்டு டீ வாங்கி, ஒன்றை அந்தச் சட்டைக்காரப் பையனிடம் கொடுத்தேன். அவன்தான் மெஷினை நிறுத்தியவனாம். நாற்காலிகள் இருந்தன. நான் உட்காரவில்லை. மருந்துக் கடைக்கும் லிஃப்டுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தேன்.

பையனை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டு போனதும் அவளை வெளியே கூப்பிட்டேன். "கெளம்பு" என்றேன். வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். வண்டி பாதி வழி வந்த பிறகு நான்தான் ஆரம்பித்தேன்.

"எங்கிட்ட ஏன் பொய் சொன்ன?"

காற்றில் அவள் குரல் காதருகே வந்தது. "உண்மையச் சொல்லியிருந்தா தொறந்திருப்பீங்களாக்கா?"

தொறந்திருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும். கேட்டுக்கு வரும்போது நாலே முக்கால். சூப்பர்வைசர் நேரத்தை எழுதிக்கொண்டார். "எப்படி கீறான் அந்தப் பையன்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். உச்சுக்கொட்டினார்.

விடுதிக்குள் போகும் முன் அவள் என் கையைப் பிடித்தாள். "வார்டன்ட்ட சொல்லிராதீங்கக்கா. எங்கப்பாக்குத் தெரிஞ்சா படிப்ப நிறுத்திருவாங்க."

நான் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் வார்டன் திரும்பிவிட்டார். தூங்கவிடாமல் என்னைப் போனில் கூப்பிட்டார். அம்பது வயதுக்கு மேல், தனியாக இருப்பவர், விதியில் கறார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினார். பிறகு குரலை இறக்கி, "அந்தப் பிள்ளையோட அண்ணனா?" என்றார்.

"அண்ணன்னுதான் சொன்னிச்சு மேடம்."

சொன்ன வார்த்தையில் பொய் இல்லை. போனை வைத்த பிறகு அதையே எனக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் மட்டும் முழுதாகச் சொன்னேன். அவர் ஷிஃப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டே, "உனுக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்? உள்ள கீறவங்கள உள்ள வெச்சிக்கிறதுதான உன் வேல," என்றார். அதற்குப் பிறகு நான் படுக்கவே இல்லை. பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு விளக்கினேன்.

இரவு வேலைக்குப் போனபோது விடுதியில் ஜெபக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வார்டன் மைக்கில், நம் விடுதிப் பிள்ளை ஒருத்தியின் அண்ணனுக்காக ஜெபிப்போம் என்றார். கூடம் நிறையப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். கடைசி வரிசையில் அவள் தலை குனிந்து நின்றாள். நான் வாசலில் நின்று கண்ணை மூடாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவருக்கு யாரென்று தெரியும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தும், ஜெபம் முடியுமுன்பே சுற்றுக்குக் கிளம்பிவிட்டேன்.

வினை வார்டனின் நல்ல மனசால்தான் வந்தது. ஆறுதல் சொல்லலாம் என்று, அலுவலகப் பதிவில் இருந்த எண்ணை எடுத்து அவள் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார். உங்கள் மகனுக்காக நாங்கள் எல்லோரும் ஜெபிக்கிறோம் என்றிருக்கிறார். மறுமுனையில், "எனக்கு ரெண்டும் பொம்பளப் பிள்ளதான மேடம்," என்று பதில் வந்திருக்கிறது.

மூன்றாவது நாள் சாயங்காலம் நான் வேலைக்கு வரும்போது கேட்டருகே ஒருவர் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா. ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் என்று பிறகு தெரிந்தது. வார்டனைப் பார்த்துவிட்டு, மகளையும் பார்த்துவிட்டு, எனக்காகக் காத்திருந்தார்.

"நீங்கதான் கூட்டிட்டுப் போனதா?"

"ஆமாங்க."

"எனக்கு ஏன் கூப்பிடல?"

என் போனில் அந்த எண்ணை எடுத்துக் காட்டினேன். அவர் கண்ணை இடுக்கிப் படித்தார். "இது என் நம்பர் இல்ல. என் போனு விடிய விடிய ஆன்லதான் இருக்கும். ரெண்டு பொட்டப் பிள்ளையப் பெத்தவன் போனை அணைப்பானா?"

அலுவலகப் பதிவேட்டில் அவருடைய சரியான எண் இருந்தது. மெயின் கேட்டிலிருந்து எட்டு அடி தூரத்தில் அந்தப் பதிவேடு இருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

"அந்த ரோட்டுல, ராத்திரி ரெண்டு மணிக்கு, வண்டில வச்சு," என்றார். "நானும் வண்டி ஓட்டுறவன்தான். லாரி எப்படி வரும்னு எனக்குத் தெரியும். ஏதாவது ஆயிருந்தா நீங்க எனக்கு என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். மெதுவாகக் கேட்டார். "தப்புத்தாங்க," என்றேன்.

தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு, "அந்தப் பையனுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

நான் எதிர்பார்க்கவில்லை. "மூணாவது விரலத் தெச்சிட்டாங்களாம். ரெண்டு போனது போனதுதான்."

"அவன் அம்மா அப்பா வந்துட்டாங்களா?"

"தெரியலைங்க."

"எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னேன். வார்டு எங்கே இருக்கும் என்றும் சொன்னேன். அவர் ரோட்டைக் கடந்து போய் ஷேர் ஆட்டோவில் ஏறினார். அங்கே என்ன பேசினார், திட்டினாரா, பக்கத்தில் உட்கார்ந்தாரா, எனக்குத் தெரியாது. மறுநாள் காலை மகளை ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு விசாரணை நடந்தது. பதிவாளர் அறையில் சூப்பர்வைசர் பதிவேட்டை விரித்து வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். கடைசியில் கேட்காமலே ஒன்று சேர்த்தார்: "வார்டன் போன் நாலு தடவ அடிச்சிது சார். அதுவும் எழுதிக்கீது." அவர் ஒரு வரி கூட்டிச் சொல்லி நான் கேட்டது அன்று மட்டும்தான். எனக்கு மெமோ கொடுத்து, விடுதி வாசலிலிருந்து எடுத்து, லாரி வரும் பின்வாசலில் போட்டார்கள். வேலை போகவில்லை.

பின்வாசலில் பிள்ளைகள் வர மாட்டார்கள். காய்கறி வண்டியும் தண்ணீர் லாரியும்தான். தூக்கம் வரும் என்று நினைத்தேன். அங்கேயும் நடந்தேன். திறந்தது தப்பா, பதிவேட்டைப் பார்க்காதது மட்டும் தப்பா, அடுத்த நாள் வாயை மூடிக்கொண்டது தப்பா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். ஒரு இரவு, திறந்தது சரி என்று முடியும். மறு இரவு என் மகள் அந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்திருப்பாள், அப்போது அப்படி முடியாது.

பரீட்சைக்கு அவள் வந்தாள். அவள் அப்பா படிப்பை நிறுத்தவில்லை. விடுதியில் சேர்க்காமல், படப்பையில் ஒரு உறவுக்காரர் வீட்டில் விட்டிருந்தார். ஒரு நாள் காலை, என் வேலை முடிகிற நேரத்தில், கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள். இளைத்திருந்தாள்.

"எங்கப்பாட்ட ஆஸ்பத்திரி பேர நீங்க சொல்லியிருக்க வேண்டாம்க்கா," என்றாள்.

"கேட்டாரு. சொன்னேன்."

"அவன் போன்லருந்து என் நம்பரையே எடுத்துட்டான். அப்பா என்ன சொன்னாங்கன்னு ரெண்டு பேருமே சொல்ல மாட்டேங்கறாங்க."

அவள் கண் கலங்கவில்லை. கோபமாக இருந்தாள். அவனுக்குக் கம்பெனியில் ஸ்டோரில் வேலை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நண்பன் மூலமாகத் தெரிந்ததாம். இடது கையால் எழுதப் பழகுகிறானாம்.

"நீ சாப்ட்டியா?" என்று கேட்டேன்.

"பரீட்சைக்கு நேரமாச்சு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் ஹாலுக்குள் நுழையும் வரை பார்த்துவிட்டு, கருவியை அடுத்த ஷிஃப்ட்காரரிடம் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, வண்டியை எடுத்தேன். வீட்டுக்குப் போகும் திருப்பத்தில் திரும்பாமல் வல்லக்கோட்டை வரைக்கும் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. முருகன் கோயில் கூட்டத்துக்கு நடுவில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.