நனைத்துச் சுரண்டிய ஜன்னல்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. ஐந்து மாதக் குழந்தையோடு மனைவி தாய்வீட்டிலிருந்து வருவதற்குள் எங்கள் திண்டுக்கல் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க நினைத்தேன். பெயிண்டரோ பழைய ஜன்னலை நனைத்து நனைத்துச் சுரண்டினார்.

"இம்புட்டு மெதுவா செஞ்சா என்னைக்கு முடிப்ப? தண்ணியில்லாமத் தேயி" என்று கத்தினேன்.

அவர் துணியைப் பிழிந்தார். "பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும்ணே. தண்ணியில்லாமத் தேய்ச்சா விஷத் தூசியாப் பறக்கும். தெரியாம, தூசிச் சட்டையோடயே என் மகனைத் தூக்கிக் கொஞ்சுனேன். ஈயம் ரத்தத்துல ஏறி மூளையைப் பாதிச்சிருச்சுன்னாரு டாக்டர். பத்து வயசாச்சு, இன்னும் எழுத்துக்கூட்ட வரல."

மனைவிக்குப் போன் செய்து, "பதினஞ்சு நாள் கழிச்சு வா" என்றேன். நானும் ஒரு துணியை நனைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இப்போது மகள் அந்த ஜன்னலைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். அதே கையை வாயிலும் வைக்கிறாள். ஒவ்வொரு முறையும், நான் பார்த்தே இராத அந்தப் பையனை நினைத்துக்கொள்கிறேன்.