மூன்றாவது பிளாஸ்க்

என் சமையலறை அலமாரியில் கழுத்து நெளிந்த ஒரு பிளாஸ்க் இருக்கிறது. அதில் நான் காபி ஊற்றுவதில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. விளக்கு ஒரு முறை சிமிட்டினால் போதும், எழுந்துபோய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

தந்தவர் எங்கள் ஆய்வகத்தில் தொட்டிகளைப் பராமரித்த அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். மொன்ட்ரியால் நகரின் வடக்கே நோர் பகுதியிலிருந்து பஸ் பிடித்து எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். நான் சென்னையிலிருந்து படிக்க வந்தவன். எங்கள் இருவர் பொறுப்பிலும் இருந்தவை அரிசி மணி அளவேயான உயிர்கள். இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். எங்கோ பாலைவனத்தில் ஒரே ஒரு வெந்நீரூற்றில் மட்டும் வாழ்ந்தவை. அந்த ஊற்றும் வற்றிக்கொண்டிருந்தது. அங்கே அழிந்துபோனால் எங்கள் தொட்டியில் இருப்பவைதான் மிச்சம். தண்ணீர் ஆறினால் அவையும் இல்லை.

விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகும் உறைமழை பெய்த ஒரு காலையில் மின்சாரம் போனது. கட்டடத்து ஜெனரேட்டரும் கைவிட்டது. யார் வீட்டுக்கு எப்போது மின்சாரம் திரும்பும் என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே பெரிய பிளாஸ்க்கில் போட்டு ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் இருக்கும் எங்கள் பேராசிரியர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றேன். அக்கா கேட்கவில்லை. பேராசிரியருக்கு ஒன்று, தனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று மூன்று பிளாஸ்க்குகளை வைத்து, கரண்டியால் அள்ளிப் பிரித்தார்.

“எல்லாரையும் ஒரு பங்கருக்குள்ள விடக்கூடாது தம்பி. அப்பா எங்களை ரெண்டாப் பிரிச்சவர். நான் அவரோட போனனான். அம்மாவும் தங்கச்சியும் மற்றதுக்குள்ள. மற்றதிலதான் ஷெல் விழுந்தது.”

மூடியை இறுக்கி என் கையில் தந்தார். “பின்னேரம் வரைக்கும் திறக்காதேங்கோ. சூடு போயிடும்.”

பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அஹுன்ட்சிக்கில் என் அறையில், பிளாஸ்க்கை ஸ்வெட்டரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. உயிரோடு இருக்கின்றனவா? திறந்தேன், ஊர்ந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரம் நடந்தேன், ஜன்னல் கண்ணாடியைச் சுரண்டினேன், மறுபடியும் திறந்தேன். ஒன்பதாவது முறை திறந்தபோது அடியில் எதுவும் அசையவில்லை.

மற்ற இரண்டு பிளாஸ்க்குகளிலும் இருந்தவை பிழைத்தன.

“எத்தினை தரம் திறந்தனீங்கள்?” என்று அக்கா கேட்டார்.

“ஒரே ஒரு தடவைதான்க்கா.”

“ஓம், அண்டைக்குக் குளிரும் கூடத்தான்” என்றார். பிளாஸ்க்கைக் கழுவித் துடைத்து, “நீங்களே வைச்சிருங்கோ” என்று திருப்பித் தந்தார். வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

அக்கா ஓய்வு பெற்று டொரொன்டோ போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. போன வாரம் ஒரு மத்தியானம் மின்சாரம் போனது. வழக்கம்போல பிளாஸ்க்கை எடுத்தேன். இருப்புக்கொள்ளாமல் அவரை அழைத்தேன்.

“அக்கா, அன்னைக்கு நான் ஒன்பது தடவை திறந்தேன்.”

“தெரியும்” என்றார். “அதுக்குத்தானே மூண்டாப் பிரிச்சனான். ஒண்டு போகும் எண்டு தெரியாட்டி ஏன் பிரிக்கிறது?”

அவருடைய அப்பாவும் அது தெரிந்துதான் பிரித்தாரா என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கையில் இருந்த பிளாஸ்க்கின் மூடியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். உள்ளே ஒன்றும் இல்லை.