ஷூ கயிறு கட்டும் நேரம்

அப்பாவின் சேஃப்டி ஷூவுக்கு ஆறு ஜோடி ஓட்டைகள். கறுப்புத் தோல், விரல் பக்கம் உள்ளே இரும்பு. ஒவ்வோர் ஓட்டையாகக் கயிற்றை இறுக்கும்போது ‘சர்க், சர்க்’ என்று சத்தம் வரும். காலை ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அதைக் கேட்டால் புரண்டு படுத்துக்கொள்வேன். வேறு எந்த நேரத்தில் கேட்டாலும் வாசலுக்கு ஓடுவேன். மற்ற வீடுகளில் கோபம் வந்தால் பாத்திரம் பறக்கும், பிள்ளைகள் முதுகில் நாலு விழும். எங்கள் வீட்டில் அப்பா வாசற்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டுவார். விடுமுறை நாளானாலும் சரி, லுங்கி கட்டியிருந்தாலும் சரி. கயிற்றை முடிச்சுப் போட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விடுவார். லுங்கியும் சேஃப்டி ஷூவுமாக அவர் தெருவில் நடப்பதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் நாங்கள் மட்டும்தான்.

அப்போது படப்பையில், ஒரே வரிசையில் ஏழு போர்ஷன் கொண்ட லைன் வீட்டில் இருந்தோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கிய புதிதில் கோவில்பட்டியிலிருந்து ஒற்றைப் பையோடு வந்து இறங்கியவர் அப்பா. அம்மா வாலாஜாபாத்காரி. அவர் “ஏன் தாயி” என்பார், அம்மா “இன்னாடி” என்பாள். நான் இரண்டையும் கலந்து பேசி, பள்ளிக்கூடத்தில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளிடமும் கேலி வாங்கினேன். பக்கத்து போர்ஷனில் என் வயதுச் சிநேகிதி ஒருத்தி. அவள் அப்பா கை நீட்டுகிறவர். பளாரென்று அறைவார்; பத்து நிமிடத்தில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய் கடலை மிட்டாய் வாங்கித் தருவார். சொன்னால் வெட்கமாக இருக்கிறது, அந்த அறையின் மீது எனக்குப் பொறாமை. அவளுக்குத் தண்டனை எப்போது முடிந்தது என்று தெரியும். எனக்கு அது தெரிந்ததே இல்லை. அப்பா ஒரு மணி நேரத்திலும் வருவார், விளக்கு வைத்த பிறகும் வருவார். வந்ததும் எதுவும் நடக்காத மாதிரி குளிக்கப் போய்விடுவார்.

ஒரு நாள் அவர் திரும்பி வராமலே போய்விடுவாரோ என்ற பயம் வெறும் பயமாக இருந்திருந்தால் பரவாயில்லை, அதற்கு ஒரு சாட்சியும் இருந்தது. கடைசி போர்ஷனில் இருந்த, அப்பாவின் ஊர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் “ஊருக்குப் போய்ட்டு ரெண்டு நாள்ல வந்திர்றேன்” என்று பையை மாட்டிக்கொண்டு போனார். பிறகு வரவே இல்லை. அவர் மனைவி இடுப்பில் குழந்தையோடு எங்கள் வாசலில் நின்று, “அண்ணே, உங்க ஊர்ப் பக்கம் எதுனா சேதி தெரிஞ்சிதா?” என்று அப்பாவிடம் கேட்பாள். அப்பா தலை குனிந்துகொள்வார். தெற்கிலிருந்து வந்தவர்கள் ஒரு நாள் தெற்கே போய்விடுவார்கள் என்று ஏழு வயதில் நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

லாரித் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு முறை வரும் காலம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று வயதுத் தம்பி தன் பொம்மை காரை வாட்டர் வாஷ் செய்ய ஆசைப்பட்டான். குடிதண்ணீர் டிரம்முக்குள் அதைப் போட்டு, சோப்புத் தூளை எடுத்துக் கொடுத்தவள் நான். நுரை பொங்கி வழிந்தது. அப்பா வந்து பார்த்தார். முகம் சிவந்தது. வாசற்படிக்குப் போனார். சர்க், சர்க். “அப்பா எங்க போறாரு?” என்று தம்பி கேட்டான். “நம்மள வுட்டுட்டுப் போறாரு” என்றேன். அவன் அழுத அழுகையில் லைன் வீடே வாசலுக்கு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவர் திரும்பி வந்து குளிக்கப் போன நேரத்தில், இடது கால் ஷூவை எடுத்து அரிசி டிரம்முக்குள் ஆழமாகப் புதைத்தேன். அதைக் கெட்ட காரியமாகவே நான் நினைக்கவில்லை. ஷூ இல்லாவிட்டால் போக முடியாது, அவ்வளவுதான். மறுநாள் காலை ஷிப்ட். ஷூ இல்லாமல் கம்பெனி கேட்டில் உள்ளே விடமாட்டார்கள். வலது காலில் ஷூவும் இடது காலில் வெறும் சாக்ஸுமாக அப்பா வீடு முழுக்கத் தேடினார். தெருமுனையில் கம்பெனி பஸ் இரண்டு முறை ஹார்ன் அடித்துவிட்டுப் போய்விட்டது. அவர் பஸ்ஸைத் தவறவிட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். கொஞ்ச நேரத்தில் அம்மா சோற்றுக்கு அரிசி அள்ளப் போனாள். “அய்யோ, இன்னாடி இது! துன்ற சோத்துல செருப்பக் கொண்டாந்து வச்சிக்கீறியே!”

அப்பா ஷூவை வாங்கிக்கொண்டார். ஒட்டியிருந்த அரிசியைத் தட்டினார். பஸ் போய்விட்டது, இனி போக வேலை இல்லை. ஆனாலும் வாசற்படியில் உட்கார்ந்து இடது காலையும் நுழைத்துக் கயிற்றை இறுக்க ஆரம்பித்தார். நான் ஓடிப்போய் அந்தக் காலைக் கட்டிக்கொண்டேன். “அடிச்சுடுப்பா! என்ன அடிச்சுடு. போவாதப்பா!” என்று கத்தினேன்.

அவர் கை அப்படியே நின்றது. “உன்ன அடிச்சிரக் கூடாதுன்னுதான் தாயி போறேன். கயிறு கட்டுத வரைக்கும் கைக்கு வேல இருக்கும்லா. கட்டியும் அடங்கலைன்னா நடந்துட்டு வாரேன். வந்துருவேன்லா, உங்கள விட்டுட்டு எங்க போவேன்?”

அன்று எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியைச் சில வருடம் கழித்து அம்மா சொன்னாள். அப்பாவின் இடது சுண்டுவிரல் நிமிராது. மெஷினில் மாட்டிய விரல் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். “மெஷினா? உங்க தாத்தா பண்ணதுடி அது. ஒரு ஆட்டக் காணோம்னு புளிய விளாரால அடிச்சி, தடுக்கப் போன கைல பட்டு முறிஞ்சிச்சு. என்னப் பொண்ணு பாக்க வந்தப்பவே, எம்புள்ள மேல என் கை படாதுன்னு எங்கப்பன்கிட்ட சொல்லிச்சு உங்கப்பா.” சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார், அதில் குறை சொல்ல முடியாது. அடிக்காமல் இருந்தாலே போதும் என்று நினைத்துவிட்டார். கோபப்பட்ட பிறகும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்பதை அவர் எந்த வீட்டில் பார்த்திருப்பார், பாவம்!

அரிசி டிரம்முக்குப் பிறகு அவர் மாறிவிட்டார் என்று எழுத ஆசைதான். ஷூ மாட்டுவது நிற்கவில்லை. ஆனால் கிளம்பும்போது, “அஞ்சரைக்கு வந்துருவேன்” என்று ஷிப்ட் நேரம் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போவார். சில நாள் மறந்து, தெருவில் பாதி தூரம் போனவர் திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போனதும் உண்டு. தம்பியை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். நான் மணி பார்க்கக் கற்றது அப்படித்தான்.

இப்போது எனக்கு மூன்றரை வயதில் ஒரு மகள். சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில், அபார்ட்மென்ட் மாடியில் வீடு. அப்பாவும் எங்களோடுதான் இருக்கிறார். நான் அடிப்பதும் இல்லை, எழுந்து போவதும் இல்லை என்று எனக்குப் பெருமை. ஆனால் அவள் கோபித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினால் என்னால் தாங்க முடியாது. இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, “அம்மா மேல கோவம் இல்லன்னு சொல்லு” என்று, அவள் சொல்லும்வரை விடமாட்டேன். “அவ அழுது முடிக்கட்டுமே, விடேன்” என்பார் என் கணவர். நான் விட்டதே இல்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் என் போனை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டாள். நான் கத்திவிட்டேன். வழக்கம்போல் இழுத்து அணைக்கப் போனேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டு வாசலுக்குப் போனாள். அங்கே அப்பாவின் கடைசி ஜோடி சேஃப்டி ஷூ கிடந்தது. ரிட்டயர் ஆன பிறகும் வாக்கிங் போக அதைத்தான் மாட்டுவார். இரண்டு கால்களையும் அதில் நுழைத்து, தூக்க முடியாமல் தடுமாறி, உதறிவிட்டு வெறுங்காலோடு நின்றாள். “நான் போறேன்” என்றாள். ஹாலில் உட்கார்ந்திருந்த அப்பா என்னைப் பார்த்தார். எட்டிப் பிடிக்க என் கை பரபரத்தது. வாயில் வந்ததோ வேறு.

“எப்ப வருவே?”

அவள் யோசித்தாள். “அஞ்சு நிமிஷம்.”

எதிர் வீட்டுக் கதவு வரைக்கும் நடந்து போய், எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள். பத்தடி தூரம்தான். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். அப்பாவின் ஷூவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஓட்டையாகக் கயிற்றை இறுக்க ஆரம்பித்தேன்.