விஜயதசமியன்று மூன்று பீப்

தொண்ணூறுகளின் நடுவில், தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன். எனக்கே கல்யாணமாகி நாலு மாதம்தான். கடையில் இருந்தது ஒரே மெஷின், சென்னையில் ஏதோ கம்பெனி கழித்துக் கட்டிய ஒர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர். அதைப் பழசு என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆயுத பூஜையன்று காலையில் அதைப் பிரித்து, தூசி தட்டித் துடைத்து, மூடியைப் போட்டேன். என் மனைவி திரையிலும் பெட்டியிலும் சந்தனம் குங்குமம் வைத்தாள். "கரண்ட்ல ஓடறதுக்குப் பொட்டு எதுக்கு?" என்று கிண்டலடித்தேன். எனக்குச் சாமி கிடையாது என்பதை ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிந்த வயது அது.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த மெஷினில் அன்றைக்குத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். "மொத எழுத்த மருமவ அடிக்கட்டும்" என்று அம்மாவே ஆசையாகச் சொன்னாள். என் மனைவி ஸ்விட்சைப் போட்டாள். மூன்று முறை பீப் என்று கத்தியது. திரை இருட்டாகவே இருந்தது.

"முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு" என்றாள் அம்மா. வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எங்கள் பக்கத்தில் மருமகள் வந்த பிறகு மாடு செத்தாலும் சரி, பல்பு ஃப்யூஸ் போனாலும் சரி, அவள் வந்த நேரம் என்றுதான் சொல்வார்கள். ஒருமுறை சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் போகாது. என் மனைவிக்கும் அது தெரியும். முகம் வெளுத்துப்போய் நின்றாள்.

நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "பொட்டு வெக்கறப்ப உள்ள ஏதாச்சும் கொட்டினியா?" என்று எரிந்து விழுந்தேன்.

"வெளியிலதாங்க வெச்சேன். மூடியத் தொடவே இல்லீங்க."

ஒயரை மாற்றிப் பார்த்தேன். அதே மூன்று பீப். மெமரியில் கோளாறு இருந்தால்தான் அப்படிக் கத்தும். மின்சாரத்தை நிறுத்தி, மூடியைக் கழற்றி, மெமரி கார்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அவள் டார்ச் பிடித்தாள். மூன்றாவது கார்டின் அடியில், போர்டோடு ஒட்டும் தங்க நிறப் பற்களில், மஞ்சளாக என்னவோ காய்ந்து அப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

கார்டின் நெற்றியில் குங்குமத்தோடு ஒரு பொட்டும் இருந்தது. அவள் பொட்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

நான் வைத்ததுதான். மூடி போடுவதற்கு முன், யாரும் பார்க்காதபோது வைத்தேன். அதே ஈர விரலால் பற்களைத் தொட்டு, கார்டை அழுத்தி மாட்டியிருக்கிறேன்.

பென்சில் ரப்பரால் பற்களைத் தேய்த்துத் துடைத்து, திரும்ப மாட்டினேன். ஒரே பீப். திரையில் வெளிச்சம் வந்தது. தூசி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், அவளும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள். ஆனால் அவள் இன்னும் டார்ச்சை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வாசலுக்குப் போய், "அம்மா, மெஷினக் கெடுத்தது நான்தான். உள்ள பொட்டு வெச்சேன்" என்றேன்.

அம்மா ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்தாள். "ஒனக்குத்தான் சாமியே கெடையாதேடா?" என்று சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு உள்ளே வந்து, தன் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஒக்காரும்மா, நீ ஆரம்பி."

அம்மா நகர்ந்ததும், என் மனைவி திரையைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டாள். "எதுக்குங்க வெச்சீங்க?"

"நீ வந்த வருஷம். நல்லா ஓடணும்னுதான்."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையார் சுழிக்கு ஒரு 'உ' அடித்தாள்.