தவம் என்று நான் சொன்னது

"தோட்டத்து லயத்துப் புள்ள யோகா சொல்லிக் குடுத்தா டவுன்ல யாரு வருவா தங்கச்சி?"

வத்தேகமவில், வகுப்புக்கு நான் வாடகைக்கு எடுத்த மேல்மாடி ஹோலைத் திறந்துவிடும்போது கடை முதலாளி கேட்டது இது.

"திறங்க முதலாளி, வர்றவங்க வரட்டும்" என்றேன். எங்கள் குடும்பத்தில் ஓ.எல். பரீட்சையைத் தாண்டிய முதல் ஆள் நான். இந்து மெய்யியலில் பட்டம், யோகாவில் டிப்ளோமா. எனக்குக் கூச்சம் இருக்கவில்லை.

பதினொரு பெண்கள் வந்தார்கள். ஆசனம் மட்டும் காட்டி அனுப்ப எனக்கு மனமில்லை. யோகத்தின் எட்டுப் படிகளில் உடம்பை வளைப்பது மூன்றாம் படி. அதற்கு முன் இயமம், நியமம் என்ற ஒழுக்கப் படிகள் இருக்கின்றன. வகுப்பு முடிவில் பத்து நிமிடம் தத்துவம் பேசுவேன். இயமத்தில் முதலாவது அகிம்சை. அதை ஒரே நாளில் முடித்தேன். யாரையும் அடிக்காத பெண்களிடம் அதில் பேச என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நியமத்தில் வரும் தவத்தைப் பற்றி மட்டும் மூன்று வாரம் பேசினேன்.

அவர்களில் பரமேஸ்வரி அக்காவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு; தினமும் மருந்துக் குளிசை போடுபவர். பல்லேகலவில் தையல் வேலை. ஒருநாள் கேட்டார்: "மிஸ், குளிசைய நம்பி இருக்கிறதும் ஒரு பற்றுதானே?"

"அக்கா காவி கட்டப் போறாங்க!" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கோ பெருமை. என் வகுப்பில் இப்படி ஒரு கேள்வி! "நல்ல கேள்வி அக்கா. வெளியில உள்ள எதையும் நம்பி நிக்காத நிலைக்கு வரணும். அதுதான் தவம்."

அன்றோடு அவர் குளிசையை நிறுத்திவிட்டது எனக்குத் தெரியாது. மெலிந்துகொண்டே வந்தார். "முகத்துல ஒரு தெளிவு வந்திருக்கு" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினேன். காலில் இருந்த புண்ணை அவர் காட்டவில்லை. நானும் பார்க்கவில்லை.

புண் முற்றி, ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் வார்டுக்குப் போனபோது அவருடைய மகள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

"மன்னிச்சுக்கங்க மிஸ். எனக்கு மனவுறுதி பத்தல. தவத்துல தவறிட்டேன்" என்றார் அக்கா.

"நீங்க தவறல அக்கா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "படிச்ச புள்ள தப்பாச் சொல்லுமா?"

அதற்கு மேல் என்ன சொல்லியும் அவர் நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் தங்கைகளுக்குச் சொல்ல என்னிடம் உள்ளது இவ்வளவுதான். படிகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. அகிம்சை முதலில் வருவது அது சுலபம் என்பதால் அல்ல. தன் உடம்பைத் துன்புறுத்தாமல் இருப்பதும் அதில் அடக்கம். பரீட்சையில் இதை எழுதி நல்ல புள்ளி வாங்கியவள்தான் நான். இதைத் தெரிந்துகொண்டதால் அந்தக் கால் திரும்பி வரப்போவதில்லை.

போன திங்கட்கிழமை, மிஞ்சிய பத்துப் பேரிடமும் நடந்ததைச் சொன்னேன். நான் சொன்ன பதிலையும் அப்படியே சொன்னேன். நான்கு பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். இருந்த ஆறு பேரிடமும், வருத்தமும் மருந்தும் எழுதியிருக்கும் கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, அகிம்சையிலிருந்து ஆரம்பித்தேன்.